விழாத வண்டி, ஏற்றமில்லாத பாதை

சாய்வு இருக்கை ட்ரைக் வாங்க நினைக்கும் ஓய்வுபெற்ற தம்பதியர் முதலில் பார்க்க வேண்டியது வண்டியையா, வழியையா? அமெரிக்கத் தடங்கள் சொல்லும் பாடம்

அறுபதைத் தாண்டியவர்கள் சைக்கிளை ஏன் ஓரங்கட்டினார்கள் என்று கேட்டால், முழங்கால் என்பார்கள், மூச்சு என்பார்கள், வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் முழங்கால் வலிக்காரர்களும் தினம் நடக்கிறார்கள். மூச்சு வாங்குகிறவர்களும் மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். சைக்கிளை மட்டும் கைவிட வைப்பது, விழுந்துவிடுவோமோ என்ற பயம். அது வீண் பயமும் இல்லை. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் கீழே விழுகிறார்கள் என்கிறது அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்ததாலேயே இறக்கிறார்கள், அதில் அறுபதைத் தாண்டியவர்களே அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இருபது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தால் முட்டி சிராய்க்கும். எழுபதில் இடுப்பெலும்பு முறியும், அதன்பின் நடையே பழைய நடையாக இருக்காது. நெதர்லாந்து போன்ற சைக்கிள் நாட்டிலேயே சைக்கிள் விபத்துகளில் உயிரிழப்பவர்களில் முதியோர் பங்குதான் பெரிது. அங்கும் பலர் விழுவது காரோ லாரியோ மோதி அல்ல; ஏறும்போதும் இறங்கும்போதும், வேகம் குறைந்து வண்டி தள்ளாடும்போதும்தான்.

இந்தப் பயத்துக்கு ஒரு மறுமொழியாகத்தான் ரெகும்பெண்ட் ட்ரைக் எனப்படும் சாய்வு இருக்கை மூன்றுசக்கர சைக்கிள் ஓய்வுபெற்றவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. புளோரிடா, மிசௌரி, பென்சில்வேனியா மாநிலங்களின் சைக்கிள் தடங்களில், ஆரஞ்சுக் கொடி பறக்க, தரையோடு தரையாக இரண்டு வண்டிகள் முன்னும் பின்னுமாகப் போனால், ஓட்டுவது பெரும்பாலும் தலை நரைத்த கணவனும் மனைவியுமாக இருப்பார்கள். வண்டி விற்கிறவர்கள், இதை வாங்கினால் போதும், இழந்த தூரமெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் சரி. ட்ரைக் விழுகிற பயத்தைப் போக்கும். ஆனால் அந்தத் தைரியம் பயன்பட வேண்டுமானால் லாரி வராத, ஏற்றம் குறைந்த பாதை ஒன்று வேண்டும். போன இடத்திலிருந்து மாலைக்குள் திரும்பிவிடும் பயணத் திட்டமும் வேண்டும். வண்டி, பாதை, ஒருநாள் சவாரி ஆகிய மூன்றும் கூடினால்தான் முதுமைக்கு இது நல்ல முதலீடு. ஒன்று குறைந்தாலும் வண்டி கராஜில் தூசு படியும்.

உட்கார்ந்த இடத்தில் சமநிலை

முதலில் வண்டி. பரவலாக ஓடும் டாட்போல் வகையில் இரண்டு சக்கரம் முன்னால், ஒன்று பின்னால். ஈஸி சேருக்குச் சக்கரம் மாட்டினாற்போன்ற வலை இருக்கை அந்த இரண்டு முன்சக்கரங்களுக்கு நடுவே தாழ்வாக இருக்கும். கால் நீட்டியிருக்கும் திசையில், ஒரு குழாயின் நுனியில் பெடல். கைப்பிடிகள் தொடையின் இருபக்கமும் இருக்கும். செயின் மட்டுமே சாதாரண சைக்கிள் செயினைப்போல மூன்று மடங்கு நீளம். டெல்டா வகையில் சக்கர வரிசை தலைகீழ்: ஒன்று முன்னால், இரண்டு பின்னால், இருக்கை கொஞ்சம் உயரம், ஏறி இறங்குவது எளிது. அமெரிக்காவில் கேட்ரைக், டெர்ராட்ரைக், இங்கிலாந்தில் ஐஸ், ஜெர்மனியில் ஹெச்பி வெலோடெக்னிக், ஹாசே, ஆஸ்திரேலியாவில் கிரீன்ஸ்பீட் ஆகியவை இத்துறையில் பேர் பெற்ற தயாரிப்பாளர்கள். இந்த வண்டிகளை முதியோருக்கு உகந்ததாக்குவது சொகுசு என்று நினைப்பது மேலோட்டமான பார்வை. அடிப்படை வேறு. இரண்டு சக்கர வண்டி ஓடினால்தான் நிற்கும். வேகம் குறைந்தால் சாயும். ட்ரைக்குக்கு அந்த நிபந்தனை இல்லை. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில், ஆகக் கடைசிச் சின்ன கியரில், ஒரு மேட்டை ஊர்ந்தே ஏறலாம்; நடுவில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம்; மறுபடி அதே இடத்திலிருந்து மிதிக்கலாம். மெதுவாகப் போவதற்கு இதில் தண்டனை கிடையாது. வயதானவர்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறு எதுவும் இல்லை.

உடம்புக்கும் ஆதாயம் உண்டு. சாதாரண சீட்டில் முழு எடையும் இரண்டு விரற்கடை அகலத்தில் இறங்குகிறது. கை மரத்துப்போகிறது, கழுத்து வலிக்கிறது, ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே அழுத்தம் சேர்கிறது. சாய்வு இருக்கையில் எடை முதுகு, இடுப்பு, தொடை என்று பரவிவிடும். பார்வை நேரே வானத்தையும் மரத்தையும் பார்க்கும். ஆனால் முழங்கால் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். முதுகுக்குப் பின்னால் உறுதியான சாய்மானம் இருப்பதால், பெரிய கியரைப் போட்டு முட்டித் தள்ளும் ஆசை வரும். அதுதான் மூட்டைக் கெடுக்கும். சின்ன கியர், வேகமான மிதி என்பதுதான் பழக்கமாக வேண்டும். பெடல் குழாயின் நீளத்தை ஓட்டுகிறவரின் காலுக்குத் தக்கபடி, காலை முழுக்க நீட்டினாலும் முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி, கடையிலேயே அளந்து பூட்ட வேண்டும். பாதம் வழுக்கித் தரையில் பட்டால், ஓடுகிற வண்டியே காலைக் கீழே இழுத்துவிடும் அபாயமும் உண்டு. அதனால் பெடலில் குதிகால் பட்டை அல்லது பூட்டும் ஷூ கட்டாயம். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது இன்னும் கட்டாயம். விழாத வண்டி என்பதற்கும் எல்லை உண்டு: வளைவில் வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். உடம்பை உள்பக்கம் சாய்க்க வேண்டும், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கவிழ்ந்தாலும் விழும் உயரம் குறைவு என்பதே ஆறுதல்.

நோயாளி வண்டி என்ற அவப்பெயர்

பலர் ட்ரைக்கைத் தொடத் தயங்குவதற்குக் காரணம், அது முடியாதவர்களின் வண்டி என்ற எண்ணம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பிரான்சில் சார்ல் மொஷே என்ற பொறியாளர், சைக்கிள் ஆபத்து என்று மனைவி பயந்ததால், மகனுக்காக நாலு சக்கரப் பெடல் கார் ஒன்றைச் செய்தார். அது பெரியவர்களுக்குப் பிடித்துப்போக, இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் வெலோகார் பிறந்தது. அதைப் பாதியாக்கி அவர் செய்த இருசக்கரச் சாய்வு சைக்கிளில் பிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர், 1933 ஜூலை 7 அன்று ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். 1914 முதல் ஆஸ்கர் எக் என்ற வீரர் வைத்திருந்த சாதனையைத் தாண்டிய தூரம் அது. சைக்கிள் பந்தயங்களின் உலக அமைப்பு அடுத்த ஆண்டே விதியைத் திருத்தி, இந்த வகையைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. அதாவது சாய்வு சைக்கிள் ஒதுக்கப்பட்டது மெதுவாகப் போனதற்காக அல்ல, வேகமாகப் போனதற்காக. தம்பதியர் பயணமும் புதிதல்ல. 1884-ல் ஜோசப் பென்னல், எலிசபெத் பென்னல் என்ற அமெரிக்கத் தம்பதி இருவர் மிதிக்கும் மூன்றுசக்கர வண்டியில் பிளாரன்சிலிருந்து ரோம்வரை போனார்கள். ஜோசப் படம் வரைந்தார், எலிசபெத் எழுதினார். மூன்றாவது சக்கரம் இயலாமையின் அடையாளம் என்ற கருத்து, இருசக்கர சைக்கிள் ஊரெல்லாம் பரவிய பிறகு ஒட்டிக்கொண்டது.

நீராவி இஞ்சின் விட்டுப்போன சொத்து

இனி பாதை. நல்ல ட்ரைக்கை நெடுஞ்சாலையில் ஓட்டினால் ஒரு பயத்துக்குப் பதில் இன்னொரு பயம் வரும். அமெரிக்காவில் இந்த வண்டி முதியோரிடம் வேரூன்றியதற்கு அங்குள்ள ரயில்தடப் பாதைகள்தான் பெரிய காரணம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் செங்குத்தான மேட்டில் வழுக்கும். அதனால் 19-ஆம் நூற்றாண்டு ரயில்வேக்காரர்கள் குன்றை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், மலையைக் குடைந்தார்கள்; எவ்வளவு செலவானாலும் சரிவை ஓரிரு சதவீதத்துக்குள் அடக்கினார்கள். 1916-ல் சுமார் 2,54,000 மைல் இருந்த அந்த ரயில்வலை, லாரியும் காரும் வந்தபின் சுருங்கியது. கைவிடப்பட்ட தடங்களில் முன்னோடி, விஸ்கான்சினின் எல்ராய் - ஸ்பார்ட்டா தடம். 1960-களில் ரயில் நின்றுபோன 51 கி.மீ. தடத்தை மாநில அரசு வாங்கி, மூன்று சுரங்கங்களோடு சைக்கிள் பாதையாக்கியது. 1983-ல் தேசியத் தடங்கள் சட்டம் திருத்தப்பட்டது. ஓட்டம் நின்ற ரயில் பாதையை, பிற்காலத்தில் மறுபடி ரயில் வரலாம் என்ற நிபந்தனையோடு, இடைக்காலத்தில் தடமாக வைத்துக்கொள்ள வழி பிறந்தது. நிலம் எங்களுக்கே திரும்ப வேண்டும் என்று பக்கத்து நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இன்று அந்நாட்டில் இப்படிப்பட்ட பாதைகள் 24,000 மைலுக்கு மேல். மேடு ஏற முடியாத நீராவி இஞ்சினின் பலவீனம், நூறு வருஷம் கழித்து முதியவர்களின் முழங்காலுக்கு வரமாகியிருக்கிறது.

மிசௌரியின் கேட்டி தடம் இதற்கு நல்ல உதாரணம். மிசௌரி - கான்சாஸ் - டெக்சாஸ் ரயில்வே 1986-ல் இந்தப் பகுதியில் ஓட்டத்தை நிறுத்தியபோது, டெட் ஜோன்ஸ் என்ற தொழிலதிபரும் அவர் மனைவி பாட்டும் சொந்தப் பணம் கொடுத்துத் தடத்தைப் பொதுச் சொத்தாக்க உதவினார்கள். 1990-ல் ரோச்போர்ட் ஊரருகே முதல் பகுதி திறந்தது. இன்று அது 386 கி.மீ. நீளம், பெரும்பகுதி மிசௌரி ஆற்றை ஒட்டியே போகும், நசுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பிய தரை, மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாந்து வரும் 240 கி.மீ. கிரேட் அலகேனி பாசேஜ் மலையையே கடக்கிறது. ஆனாலும் கிழக்குப் பக்கத்திலிருந்து ஏறினால்கூட 100 மீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டருக்குமேல் உயராது. 38 கி.மீ. தூரத்தில் சுமார் 540 மீட்டர் ஏறிவிடுகிறோம் என்பது ஏறியபின் பலகையைப் படித்தால்தான் தெரியும். புளோரிடாவின் வித்லகூச்சி தடம் 74 கி.மீ. முழுக்கத் தார் போட்டது. குளிர்காலத்தில் வடமாநிலங்களிலிருந்து தெற்கே வந்து தங்கும் ஓய்வுபெற்றவர்களுக்குத் தோதானது. இங்கெல்லாம் ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். ட்ரைக்கின் அகலம் சுமார் 80 செ.மீ. இருக்கும். கார் நுழையாமல் தடுக்க நட்ட கம்பங்களுக்கிடையே அது நுழையுமா, பாலத்துப் பலகை இடைவெளியில் சக்கரம் சிக்காதா என்று கிளம்பும் முன்பே விசாரிக்க வேண்டும். மூன்று சக்கரம் என்றால் மூன்று தடம். ஒரு குழியைத் தவிர்க்கப் போய் இன்னொன்றில் விழ வாய்ப்பும் மூன்று மடங்கு.

இருவர், இரண்டு வேகம்

ஓய்வுபெற்ற தம்பதியரின் உடம்பு ஒரே சீராக முதுமையடைவதில்லை. ஒருவருக்கு இதயம் திடமாக இருக்கும், முழங்கால் போயிருக்கும். மற்றவருக்கு முழங்கால் சரி, காது மந்தம், தலைசுற்றல். சேர்ந்து செய்த பல காரியங்கள் இந்த வயதில் ஒவ்வொன்றாக நிற்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒரு காரணம். நடைப்பயிற்சியில் ஒருவர் முன்னால் போய்த் திரும்பிப் பார்ப்பார். மற்றவர், நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன் என்பார். சில வாரத்தில் ஒருவர் மட்டும் போவார். ட்ரைக் இந்தச் சிக்கலை இரண்டு விதமாக எளிதாக்குகிறது. மெதுவாக ஓட்டுகிறவருக்காக வேகமாக ஓட்டுகிறவர் காத்திருந்தாலும், அவருக்கு அது கஷ்டமில்லை. கால் ஊன்றாமல், இறங்காமல், உட்கார்ந்தபடியே காத்திருக்கலாம். இரண்டாவது, பலம் குறைந்தவரின் வண்டிக்கு மட்டும் மின்மோட்டார் உதவி பொருத்தலாம். இருவர் ஒரே வண்டியில் மிதிக்கும் டாண்டெமில் ஒருவர் எப்போதும் பின்சீட்டுக்காரர். திருப்புவது, நிறுத்துவது எல்லாம் முன்னால் இருப்பவர் கையில். இரண்டு தனி ட்ரைக்கில் ஆளுக்கொரு பிரேக், ஆளுக்கொரு கியர். பயணம் ஒன்றாக இருக்கிறது, ஓட்டும் உரிமை தனித்தனியாக இருக்கிறது. நாற்பது வருஷம் காரில் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்து வந்த மனைவிமார்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மாலைக்குள் வீடு

அடுத்தது பயணத் திட்டம். ஓய்வுபெற்றதும் பலரும் பெரிய கனவோடு தொடங்குகிறார்கள்: தடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பத்து நாளில், பையெல்லாம் கட்டிக்கொண்டு முடித்துவிட வேண்டும். முடிகிறவர்கள் முடிக்கட்டும். ஆனால் இந்த வயதுக்குப் பொருந்துவது ஒருநாள் சவாரிதான் என்பதற்குக் காரணங்கள் உண்டு. முதுமையின் உடல்நிலை நாளுக்கு நாள் மாறும். நேற்று 40 கி.மீ. போனவருக்கு இன்று 15 போதும் என்றிருக்கும். முனையிலிருந்து முனைக்குப் போகும் பயணம் அந்த மாற்றத்தை மன்னிக்காது. அடுத்த ஊரில் அறை பதிவாகியிருக்கும், போயே ஆக வேண்டும். மருந்து, இன்சுலின், இரவுத் தூக்கம், கழிப்பறை எல்லாம் ஒழுங்காக அமைவது ஒரே இடத்தில் தங்கும்போதுதான். ஒருநாள் சவாரியில் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம், திரும்புவது தோல்வியும் ஆகாது.

அதற்காக வெளியூர்ப் பயணம் வேண்டாம் என்பதில்லை. ஒரு ஊரை மையமாக வைத்து மூன்று நான்கு இரவு தங்கி, தினம் ஒரு திசையில் போய் வருவது நடுவழி. கேட்டி தடத்தில் ரோச்போர்ட்டில் தங்கினால், ஒருநாள் மேற்கே: ஊர் எல்லையிலேயே பழைய ரயில் சுரங்கம், அதைத் தாண்டி நியூ பிராங்ளின்வரை சுமார் 16 கி.மீ., போய்வர 32. மறுநாள் கிழக்கே: இடப்பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், வலப்பக்கம் ஆறு, மெக்பெயின்வரை சுமார் 14 கி.மீ., அங்கே நூற்றாண்டுகள் கண்ட ஓக் மரம் ஒன்று வயல் நடுவே நிற்கிறது. மூன்றாம் நாள் ஓய்வு. மணிக்கு 12 கி.மீ. என்ற சாவகாச வேகத்தில், 32 கி.மீ. என்பது சுமார் இரண்டே முக்கால் மணி நேர மிதிப்பு. நடுவில் சாப்பாடும் வேடிக்கையும் சேர்த்தாலும் பிற்பகலுக்குள் அறைக்கு வந்துவிடலாம். ஒரே கார் வைத்திருக்கும் தம்பதிக்கு இது இன்னும் வசதி. தொடங்கிய இடத்துக்கே திரும்புவதால் காரை எடுக்க ஆள் தேட வேண்டாம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று திசையைத் தேர்ந்துகொள்வதும், பாதி பலம் மிச்சமிருக்கும்போதே திரும்புவதும் இதில் இரண்டே விதிகள்.

ஆரோக்கியக் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. ஒன்றரை மணி நேரச் சவாரி வாரம் இரண்டு என்றாலே 180 நிமிடம் ஆகிவிடுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் சாகசம் செய்துவிட்டு மிச்ச நாள் சோபாவில் உட்காருவதைவிட, இந்தச் சின்னச் சவாரிதான் உடம்புக்குச் சேரும். பிரிட்டனில் 55 முதல் 79 வயதுவரையுள்ள 125 சைக்கிள் ஓட்டிகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், அவர்களின் தசையும் நோய் எதிர்ப்புச் செல்களின் உற்பத்தியும் வயதுக்கேற்ற சரிவைப் பெரிதும் காட்டவில்லை என்று 2018-ல் எழுதினார்கள். ஆரோக்கியமாக இருந்ததால்தானே அவர்களால் ஓட்ட முடிந்தது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அவர்கள் நீண்டகாலமாகக் கடுமையாக ஓட்டி வந்தவர்கள், புதிதாகத் தொடங்கியவர்கள் அல்ல. அதனால் அந்த ஆய்வை உத்தரவாதமாகக் கொள்ள முடியாது. விடாமல் ஓட்டுகிறவர்களுக்கு வயதால் மட்டுமே எல்லாம் போய்விடுவதில்லை என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்வாதங்கள்

இதை ஏற்காதவர்கள் சொல்வதில் மிகவும் பலமானது இது: விழாமல் இருக்கச் சமநிலையைப் பயிற்சி செய்ய வேண்டும்; ட்ரைக் அந்தப் பயிற்சியைத்தானே பறிக்கிறது? சரியான வாதம். மேலே சொன்ன அதே உலக சுகாதாரப் பரிந்துரை, முதியோர் வாரம் மூன்று நாளாவது சமநிலையையும் தசைவலிமையையும் வளர்க்கும் பயிற்சிகள் செய்ய வேண்டும் என்கிறது. உட்கார்ந்து மிதிப்பதில் இரண்டும் முழுமையாகக் கிடைக்காது; உடல் எடையைத் தாங்கி நடப்பதால் எலும்புக்குக் கிடைக்கும் வலுவும் கிடைக்காது. ஆகவே ட்ரைக் ஓட்டுகிறவர்கள் நடையை விடக்கூடாது. ஒற்றைக்காலில் நிற்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது போன்ற பயிற்சிகளை வீட்டில் செய்ய வேண்டும். ஆனால் இந்த வாதம் ட்ரைக்குக்கு எதிரானதாக முடியாது. விழுகிற பயத்தில் சைக்கிளையும் விட்டுவிட்டு, வெளியேயும் போகாமல் இருப்பவருக்குச் சமநிலைப் பயிற்சி எங்கிருந்து கிடைக்கும்? சமநிலையைச் சுவரோரம், பிடிமானத்துக்குப் பக்கத்தில் நின்று பழகலாம். சாலையில், ஓடுகிற வண்டியில் பழக வேண்டிய வயது இது இல்லை.

மோட்டார் வைத்த வண்டி உடற்பயிற்சியே இல்லை என்பது அடுத்தது. மிதிக்காமல் கைப்பிடியைத் திருகி ஓட்டினால் உண்மைதான். மிதித்தால்தான் மோட்டார் உதவும் என்ற வகையில் கால் ஓயாது. பிரிட்டனில் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் 50 முதல் 83 வயதுவரையுள்ளவர்களை எட்டு வாரம், வாரம் மூன்றுமுறை, அரைமணி நேரம் ஓட்டவைத்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண சைக்கிள், மின்சைக்கிள் இரண்டிலும் சிந்தனைத் திறனின் சில அளவைகள் தேறின. மனநலத்தில் மின்சைக்கிள் குழுவின் முன்னேற்றம் குறிப்பிடும்படி இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் உழைப்பின் கடுமை மட்டுமே பலனைத் தீர்மானிப்பதில்லை, வெளியே போனதே ஒரு பலன் என்று அது காட்டுகிறது. எந்தத் தடத்தில் எந்த வகை மோட்டாருக்கு அனுமதி என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அதைக் கேட்டுக்கொள்வது ஓட்டுகிறவர் பொறுப்பு.

தாழ்வாக இருப்பதால் கார்க்காரர் கண்ணில் படாது என்பதும் சரிதான். கொடி, பகலிலும் எரியும் பின்விளக்கு, இருபக்கக் கண்ணாடி இவை மூன்றும் வேண்டும். ஆனால் இவற்றை நம்பி நெடுஞ்சாலையில் இறங்கக்கூடாது. தடம் சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் ட்ரைக்கின் மூக்கு முதலில் நீண்டு, அதன்பிறகுதான் ஓட்டுகிறவரின் கண் சாலையைப் பார்க்கும். ஆகவே முன்னதாகவே நிற்க வேண்டும். தாழ்வான இருக்கையிலிருந்து எழுவது பலருக்கு உண்மையான தடை. பார்க்கிங் பிரேக்கைப் பூட்டாமல் எழுந்தால் வண்டி பின்னால் உருண்டு, தடுக்கவே வாங்கிய விபத்து அங்கேயே நடந்துவிடும். உயரமான இருக்கை மாடல்களும், எழும்போது பிடித்துக்கொள்ளும் கைத்தடிகளும் கிடைக்கின்றன. கடையில் நான்கைந்து முறை உட்கார்ந்து எழுந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. விலையும் லேசில்லை. தொடக்க மாடலே ஆயிரம் டாலரைத் தாண்டும். மின்மோட்டார் வைத்தது 5,000 டாலருக்கு மேலும் போகும். இருவருக்கு என்றால் இரட்டிப்பு. எடையும் 15 கிலோவுக்குக் கீழே வருவது அபூர்வம். மாடி வீட்டுக்காரருக்கு அதை ஏற்றி இறக்குவதே தனி வேலை. இந்தச் செலவுக்கு நியாயம் கிடைப்பது, வீட்டிலிருந்து அரைமணி காரோட்டத்தில் ஒரு நல்ல தடம் இருந்தால் மட்டும்தான். இல்லையென்றால் தடத்தோரக் கடைகள் சிலவற்றில் வாடகைக்குக் கிடைக்கும் ட்ரைக்கே போதும்.

நம்மவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், ஆறு மாதம்வரை தங்கும் தமிழ்ப் பெற்றோர் ஏராளம். கார் ஓட்டத் தெரியாததால், வார இறுதி வரும்வரை வீட்டுக்குள்ளேயே இருப்பது அவர்களின் நிரந்தரக் குறை. அருகில் ரயில்தடப் பாதை இருந்தால், மகனோ மருமகளோ தடத்தின் வாசலில் இறக்கிவிட்டால், வாடகை ட்ரைக் அவர்களுக்கு ஒரு காலைப்பொழுதைத் தரும். பயணக் காப்பீட்டில் சைக்கிள் விபத்துக்கு இடமுண்டா என்று பார்த்துவிட்டு, இதயநோய், ரத்தம் உறையாமலிருக்க மருந்து என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அப்படியே ஒரு ட்ரைக்கை ஊருக்குக் கொண்டுவந்து ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்டலாமா என்றால், கூடாது. தமிழ்நாட்டில் மீட்டர்கேஜ் பாதைகள் பெரும்பாலும் அதே தடத்தில் அகலப்பாதையாகிவிட்டன. அமெரிக்காவைப்போல் நூற்றுக்கணக்கான மைல் காலித் தடம் நம்மிடம் மிச்சமில்லை. பஸ்ஸும் லாரியும் டூவீலரும் முட்டிமோதும் சாலையில், பஸ் டயர் உயரம்கூட இல்லாத வண்டி தற்கொலைக்குச் சமம்.

அதனால்தான் கேள்விகளின் வரிசை முக்கியமாகிறது. எந்த மாடல், எத்தனை கியர், எந்த மோட்டார் என்று தொடங்குகிற தம்பதி கடைசியில் ஓட்ட இடமில்லாமல் நிற்கும். பக்கத்தில் பாதை இருக்கிறதா, இருவரும் வாரம் இரண்டுமுறை அங்கே போவோமா, வெயிலுக்குமுன் கிளம்பி மதியத்துக்குள் திரும்புவோமா என்று தொடங்குகிற தம்பதிக்கு, எந்த வண்டி வாங்கினாலும் பெரும்பாலும் உபயோகப்படும். அரசுகளுக்கும் இதே வரிசைதான். முதியோர் நலம் என்றால் மருத்துவமனை, மாத்திரை, உதவித்தொகை என்றே யோசித்துப் பழகிவிட்டோம். விஸ்கான்சினும் மிசௌரியும் கைவிடப்பட்ட தண்டவாளத்தைப் பெயர்த்துக் கல் பரப்பியபோது முதியோரை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் மேடும் லாரியும் இல்லாத ஒரு பாதையை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டால், அதை அதிகம் பயன்படுத்திக்கொள்கிறவர்களில் எழுபது வயதுக்காரர்களும் இருப்பார்கள் என்பதை அந்தத் தடங்கள் நிரூபித்திருக்கின்றன. வண்டியை அவரவர் காசில் வாங்கிக்கொள்ளலாம். பாதையை யாரும் தனியாக வாங்க முடியாது; அதை ஊர் கூடித்தான் போட வேண்டும்.